வௌவால் ஏன் அடிக்கடி வீடு மாற்றுகிறது? சுவரில் காத்திருக்கும் ஒட்டுண்ணியின் கணக்கு

ஒரு மரப்பொந்தில் முப்பது தாய் வௌவால்கள் குட்டிகளோடு தங்கியிருக்கின்றன. பொந்து ஈரமில்லாமல் இருக்கிறது. ஆந்தை நுழைய முடியாத அளவுக்கு வாசல் குறுகியது. இரை கிடைக்கும் இடமும் பக்கத்தில்தான். ஆனாலும் மூன்றாம் நாள் இரவு அந்தத் தாய்கள் குட்டிகளை மார்பில் தொங்கவிட்டபடி வேறொரு மரத்துக்குப் பறந்துவிடுகின்றன. பிறந்த வௌவால் குட்டியே தாயின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு இருக்கும். அந்தச் சுமையோடு இருட்டில் பறப்பது சாதாரண வேலை இல்லை. சௌகரியமான வீட்டை விட்டுவிட்டு ஏன் இந்தப் பாடு?

காட்டில் வௌவால் பெட்டிகளை மாட்டிவைத்துக் கண்காணிப்பவர்களையும் இந்தக் கேள்வி குழப்பியிருக்கிறது. நேற்று நிறைந்திருந்த பெட்டி இன்று காலியாகக் கிடக்கும். இரண்டு வாரம் கழித்து அதே கூட்டம் எதுவும் நடக்காததுபோல் திரும்பி வந்து தொங்கும். இதற்கு ஒரே ஒரு காரணம் மட்டும் இல்லை. ஆனால் நெடுங்காலம் கவனிக்கப்படாமல் இருந்த ஒரு காரணம் உண்டு. அது வௌவாலின் உடம்பிலும் அது தொங்கும் சுவரிலும் குடியிருக்கும் ஒட்டுண்ணிகள். அவற்றின் வாழ்க்கைச் சுழற்சியைப் புரிந்துகொண்டால், நிலையில்லாத அலைச்சல்போலத் தோன்றும் இந்த இடமாற்றத்துக்குள் ஒரு காலக்கணக்கு இருப்பது தெரியவரும்.

முதலில் சில சொற்கள்

உலகில் 1,400க்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள் உள்ளன. பாலூட்டி இனங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இவை. பகல் முழுக்க ஒரு வௌவால் தொங்கியோ ஒடுங்கியோ ஓய்வெடுக்கும் இடத்தை உறைவிடம் என்று இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன். அது குகையாக இருக்கலாம், மரப்பொந்தாக, பாறைப் பிளவாக, கட்டடத்தின் கூரையடியாக, வெறும் இலையாகக்கூட இருக்கலாம். வௌவாலின் வாழ்நாளில் பாதிக்கு மேல் உறைவிடத்தில்தான் கழிகிறது. குட்டி ஈனுவதும் பால் கொடுப்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

ஒட்டுண்ணி, இன்னோர் உயிரின் உடலிலிருந்து உணவை எடுத்து வாழ்வது. அதற்கு இடம் கொடுக்கும் உயிர் ஓம்புயிர். குடலிலும் இரத்தத்திலும் வாழ்பவை அக ஒட்டுண்ணிகள். தோலின் மேலும் உரோமத்துக்குள்ளும் வாழ்பவை புற ஒட்டுண்ணிகள். உறைவிடத் தேர்வோடு நேரடியாகத் தொடர்புள்ளவை இந்தப் புற ஒட்டுண்ணிகள்தாம்.

உடம்பில் குடியிருப்பது, சுவரில் குடியிருப்பது

வௌவாலின் மேல் உள்ள பூச்சிகளையெல்லாம் ஒரே கணக்கில் சேர்த்துவிட்டால் இந்த விஷயம் புரியவே புரியாது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த ஒட்டுண்ணி தன் வாழ்நாளில் எந்தப் பகுதியை வௌவாலின் உடம்பில் கழிக்கிறது, எந்தப் பகுதியைச் சுவரில் கழிக்கிறது? இதன்படி மூன்று வகைகளைப் பிரிக்கலாம்.

1. உடம்பை விட்டு இறங்காதவை. சிறகுச் சவ்வில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறகுச் சிற்றுண்ணிகள் இந்த வகை. இவை முட்டையை வெளியே இடுவதில்லை. குஞ்சாகவே ஈன்று, அதே சிறகில் விட்டுவிடுகின்றன. ஒரு வௌவாலிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் இரண்டும் உடலோடு உடல் உரசிக்கொண்டிருக்க வேண்டும்.

2. சுவரில் வாழ்ந்து, உண்ண மட்டும் உடம்புக்கு வருபவை. வௌவால் மூட்டைப்பூச்சிகள் இதற்கு எடுத்துக்காட்டு. மனிதர்களின் கட்டிலில் இருக்கும் மூட்டைப்பூச்சிக்கு மிக நெருங்கிய உறவு. மரத்தின் வெடிப்பிலும் பலகைகளின் இடுக்கிலும் முட்டையிட்டு, அங்கேயே வளர்ந்து, தொங்கும் வௌவாலிடம் சில நிமிடம் இரத்தம் குடித்துவிட்டு மறுபடி இடுக்குக்குள் போய்விடும். சில வகை உண்ணிகளும் இப்படித்தான்.

3. உடம்பில் வாழ்ந்து, அடுத்த தலைமுறையைச் சுவரில் வளர்ப்பவை. வௌவால் ஈக்கள் இந்த வகை. இக்கட்டுரையில் அதிக இடம் இவற்றுக்குத்தான். தெள்ளுப்பூச்சிகளையும் இதில் சேர்க்கலாம். அவற்றின் புழுக்கள் உறைவிடத்தின் அடியில் குவியும் எச்சத்தில் வளர்கின்றன.

இந்தப் பிரிவிலிருந்து ஒரு நேரடி முடிவு கிடைக்கிறது. வீட்டை மாற்றினால் முதல் வகையிடமிருந்து தப்ப முடியாது, அவை கூடவே வரும். இரண்டாம் வகையை ஏறக்குறைய முழுதாகக் கைவிட்டுப் போகலாம். மூன்றாம் வகையில் வளர்ந்த ஈ கூடவே வரும், அதன் வாரிசு பின்தங்கிவிடும். ஆகவே "வௌவால் ஒட்டுண்ணிக்குப் பயந்து இடம் மாறுகிறதா?" என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்த ஒட்டுண்ணிக்கு என்று கேட்க வேண்டும்.

வௌவால் ஈயைக் கிட்டத்தில் பார்த்தால்

வௌவால் ஈக்களில் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் 200க்கும் மேற்பட்ட இனங்கள். ஒரு குடும்பத்தில் பெரும்பாலானவற்றுக்குச் சிறகு உண்டு. மற்றொன்றில் சிறகே கிடையாது. சிறகில்லாத ஈயை முதன்முறை பார்ப்பவர் சிலந்தி என்றே நினைப்பார். தட்டையான உடல், நீண்ட கால்கள், நுனியில் வளைந்த நகங்கள். தலை மிகச் சிறியது. அதை முதுகின் மேல் உள்ள ஒரு பள்ளத்துக்குள் பின்பக்கமாக மடித்து வைத்துக்கொள்ளும். உடலில் சீப்பின் பற்கள்போல் முள்வரிசைகள் இருக்கும். வௌவால் தன் பின்னங்கால் நகங்களால் உரோமத்தைக் கோதும்போது நழுவி விழாமல் இருக்க இந்த அமைப்புகள் கைகொடுக்கின்றன. நீச்சலடிப்பதுபோல் உரோமத்துக்குள் விரைவாக ஓடக்கூடியது இந்தப் பூச்சி.

இதன் இனப்பெருக்கம் இன்னும் வியப்பானது. பெண் ஈ முட்டையிடுவதில்லை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு புழுவைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்து, பால்போன்ற சுரப்பை ஊட்டி, முழுதாக வளர்த்துவிடுகிறது. உறக்க நோயைப் பரப்பும் செட்சி ஈயும் இதே முறையில்தான் பெருகுகிறது. இரண்டும் நெருங்கிய சொந்தம். புழு முற்றியதும் தாய் ஈ வௌவாலின் உடம்பிலிருந்து இறங்கி, உறைவிடத்தின் சுவருக்கு நடந்து போய், அந்தப் புழுவை அங்கே ஒட்டிவைக்கிறது. சற்று நேரத்தில் புழுவைச் சுற்றி ஓடு இறுகிவிடும். ஓட்டுக்குள் இருக்கும் இந்த நிலைதான் கூட்டுப்புழு. தாய் மீண்டும் வௌவாலின் மேல் ஏறிக்கொள்ளும்.

எல்லா இனமும் இதே வழியைப் பின்பற்றுவதில்லை. ஒரு பேரினத்தில் பெண் ஈ வௌவாலின் தோலுக்குள் புதைந்து, தன் சிறகுகளையும் கால்களையும் உதிர்த்துவிட்டு, பைபோன்ற உருவத்தில் வாழ்நாளை முடித்துவிடும். அதன் புழு நேராக உறைவிடத்தின் தரையில் விழும். வழி எதுவாக இருந்தாலும் ஒரு கட்டம் மட்டும் மாறுவதில்லை: அடுத்த தலைமுறை ஈ உருவாவது வௌவாலின் உடம்பில் அல்ல, அது தங்கும் வீட்டில்.

முப்பது நாள் கணக்கு

ஐரோப்பியக் காடுகளில் வாழும் பெக்ஸ்டைன் வௌவாலின் மேல் இருக்கும் ஈயின் பெயர் பாசிலியா நானா. இதன் கூட்டுப்புழு முழு ஈயாக மாறுவதற்குக் குறைந்தது 30 நாள் ஆகிறது. ஈ தயாரானதும் ஓட்டை உடைத்து வெளியே வந்துவிடுவதில்லை. உள்ளேயே காத்திருக்கிறது. வௌவால் ஒன்று அருகில் வந்து தங்கினால்தான் வெளிவருகிறது. காரணம் எளிது. இரத்தம் கிடைக்காவிட்டால் வெளிவந்த ஈ அதிக நாள் உயிரோடிருக்காது. ஆளில்லாத வீட்டில் பிறப்பது அதற்குச் சாவு.

இதை வைத்து நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

1. கூட்டம் ஒரே பொந்தில் தொடர்ந்து தங்கினால், முதல் நாள் ஒட்டிய புழுக்கள் முப்பதாம் நாளுக்குமேல் ஈயாகும். இரண்டாம் நாள் ஒட்டியவை அதற்கு அடுத்த நாள். அன்றுமுதல் நாள்தோறும் புதிய ஈக்கள் ஏறிக்கொண்டே இருக்கும்.

2. கூட்டம் மூன்று நாள் தங்கிவிட்டுப் போய், பத்து நாளில் திரும்பி வந்தால் பெரிய ஆபத்தில்லை. சுவரில் கூட்டுப்புழுக்கள் இருக்கும், ஆனால் ஒன்றும் முற்றியிருக்காது.

3. ஆனால் அதே கூட்டம் முப்பத்தைந்தாம் நாள் திரும்பி வந்தால், முன்பு விட்டுப்போன அத்தனை ஈக்களும் தயாராகக் காத்திருக்கும். ஒரே இரவில் மொத்தமாக ஏறிவிடும்.

4. கூட்டம் வரவே இல்லை என்றால், ஓட்டுக்குள் இருக்கும் ஈ தன்னிடம் உள்ள சேமிப்பு தீரும்வரைதான் தாக்குப்பிடிக்கும்.

இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்துப் பாருங்கள். "அண்மையில் விட்டுப்போன வீடு அழுக்கு, பழைய வீடு சுத்தம்" என்று நாம் இயல்பாக நினைப்பது இங்கே அப்படியே தலைகீழாகிறது. நேற்று விட்டுப்போன வீடுதான் இன்றைக்குப் பாதுகாப்பானது. ஒரு மாதத்துக்கு முன் விட்டுப்போனது பொறி. ஒட்டுண்ணி வௌவாலின் முடிவை எப்படி வளைக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

கணக்கு சரி, வௌவால் அதைப் பின்பற்றுகிறதா?

தாளில் போட்ட கணக்கு காட்டிலும் நடக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இதைச் சோதித்துப் பார்த்த முக்கியமான வேலை ஜெர்மனியில் நடந்தது. பவேரியாவில் வூர்ட்ஸ்பர்க் நகரை ஒட்டிய காடுகளில் பெக்ஸ்டைன் வௌவால்கள் 1990களிலிருந்து கண்காணிக்கப்படுகின்றன. இந்த இனத்தில் பெண்கள் மட்டும் சேர்ந்து கூட்டமாக வாழ்கின்றன. பெரும்பாலும் ஒரே தாய்வழிச் சொந்தங்கள். ஆண்கள் தனித்தனியாக இருந்துவிடும். ஒரு கூட்டம் ஒரே கோடையில் 50 வரை மரப்பொந்துகளையும் பெட்டிகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறது. கூட்டம் இரண்டு மூன்றாகப் பிரிந்து வெவ்வேறு இடங்களில் தங்கி, பிறகு ஒன்றுசேர்வதும் உண்டு.

ரெக்கார்ட், கெர்த் என்ற இரு ஆய்வாளர்கள் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இரண்டு கோணங்களிலிருந்து இதை அணுகியது. முதலாவது, களச்சோதனை. தொற்றக்கூடிய நிலையில் கூட்டுப்புழுக்கள் உள்ள உறைவிடம், அவை இல்லாத உறைவிடம் இரண்டும் கிடைக்கும்போது வௌவால் எங்கே போகிறது? தொற்று இல்லாததைத்தான் அதிகம் தேர்ந்தெடுத்தது. இரண்டாவது, அதுவரை சேர்ந்திருந்த ஒன்பது ஆண்டுப் பதிவுகள். எந்தப் பெட்டியில் எப்போது தங்கின, எப்போது திரும்பின என்று பார்த்தால், முன்பு தங்கியபோது ஒட்டப்பட்ட புழுக்கள் முற்றியிருக்கக்கூடிய நாட்களில் அந்தப் பெட்டிக்குத் திரும்புவதை வௌவால்கள் பெரும்பாலும் தவிர்த்திருந்தன.

இந்த இரண்டும் ஒரே திசையைக் காட்டுவதுதான் ஆய்வின் பலம். களச்சோதனை மட்டும் இருந்திருந்தால், "நீங்கள் செய்துவைத்த செயற்கைச் சூழலில் அப்படி நடந்தது" என்று ஒதுக்கிவிடலாம். பதிவுகள் மட்டும் இருந்திருந்தால், தற்செயல் என்று தள்ளிவிடலாம்.

வௌவாலுக்கு எப்படித் தெரிகிறது? அது நாட்காட்டி வைத்துக்கொள்வதில்லை. கூட்டுப்புழுவையே உணர்ந்திருக்கலாம், அல்லது அதோடு சேர்ந்தே இருக்கும் வேறோர் அடையாளத்தை, குறிப்பாகத் தன் கூட்டத்தின் எச்சத்தை, உணர்ந்து விலகியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். எச்சம் அதிகம் கிடந்தால் அங்கே கூட்டம் அதிக நாள் தங்கியிருக்கிறது என்று பொருள். அதிக நாள் தங்கியிருந்தால் புழுவும் அதிகம் ஒட்டப்பட்டிருக்கும். ஒட்டுண்ணியையே எண்ணிப் பார்க்கத் தேவையில்லை. அதன் நிழலைக் கண்டு விலகினாலும் பலன் ஒன்றுதான்.

குகைவாசியும் இலைவாசியும்

எல்லா வௌவாலும் இப்படி ஐம்பது வீடு வைத்துக்கொள்ள முடியாது. உறைவிடம் எவ்வளவு நிரந்தரமானதோ அவ்வளவுக்கு வௌவால் அதிலேயே தங்குகிறது. மாற்று இடங்கள் எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு இடம் மாறுகிறது. 1990களில் வௌவால்களின் உறைவிடப் பழக்கங்களைத் தொகுத்துப் பார்த்தபோது தெரியவந்த பொதுவிதி இது. குகை ஆயிரமாண்டுகள் நிற்கும், ஆனால் ஒரு வட்டாரத்தில் ஒன்றிரண்டுதான் இருக்கும். மரப்பொந்து சில ஆண்டுகள் நிற்கும், பல இருக்கும். இலை சில நாள்தான் நிற்கும், எண்ண முடியாத அளவுக்கு இருக்கும்.

இதையே ஒட்டுண்ணியின் பக்கத்திலிருந்து பார்ப்போம். முப்பது நாள் வளர வேண்டிய கூட்டுப்புழுவுக்கு நிலையான சுவர் வேண்டும், திரும்பி வரும் ஓம்புயிர் வேண்டும். குகையில் இரண்டும் நிச்சயம். இலையில் இரண்டும் இல்லை. அப்படியானால் குகையிலும் பொந்திலும் வாழும் இனங்களின் மேல் வௌவால் ஈ அதிகமாகவும், இலைகளுக்கிடையில் வாழும் இனங்களின் மேல் குறைவாகவும் இருக்க வேண்டும். வெனிசுவேலாவில் பெருமளவில் பிடித்துப் பதிவுசெய்யப்பட்ட வௌவால்களையும் அவற்றின் ஈக்களையும் வைத்துச் செய்த ஆய்விலும், பெலிஸில் செய்த இன்னோர் ஆய்விலும் இந்தப் போக்குத்தான் தெரிந்தது. மூடிய, நீடித்த உறைவிடங்களில் தங்கும் இனங்களின் மேல் ஈக்கள் அதிகம்.

இதன் கடைக்கோடி உதாரணம் நடு, தென் அமெரிக்கக் காடுகளில் வாழும் உறிஞ்சுவட்டு வௌவால். வாழையின் உறவான ஹெலிகோனியாச் செடியின் இளந்தளிர் விரியும் முன் குழல்போலச் சுருண்டிருக்கும். மணிக்கட்டிலும் கணுக்காலிலும் உள்ள வட்ட உறிஞ்சிகளால் அந்த வழுவழுப்பான குழலின் உள்சுவரில் தலை மேலாக ஒட்டிக்கொண்டு இந்த வௌவால் பகலைக் கழிக்கிறது. தளிர் ஏறக்குறைய ஒரு நாளில் விரிந்துவிடும். அடுத்த நாள் வேறு குழல் தேட வேண்டும். அங்கே ஒரு ஈ புழுவை ஒட்டிவைத்தால், அது முற்றுவதற்குள் இலை விரிந்து வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். ஒட்டுண்ணியிடமிருந்து தப்பத்தான் இந்த இனம் இலைக்குப் போனது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. இலைக்குப் போனதன் பலன்களில் இதுவும் ஒன்று என்று சொல்லலாம்.

குகைவாசிகளின் நிலை இதற்கு நேரெதிர். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள பிராக்கன் குகையில் கோடையில் 1.5 கோடிக்கும் மேற்பட்ட வௌவால்கள் கூடுகின்றன. அத்தனை உயிர்களுக்கும் இடம் கொடுக்கும் இன்னொரு குகைக்கு எங்கே போவது? வெப்பமும் இடவசதியும் பொருந்திய குகை கிடைப்பது அபூர்வம். அங்கே வௌவால் ஒட்டுண்ணியைச் சகித்துக்கொண்டு, உரோமத்தைக் கோதிக்கோதிக் காலம் தள்ள வேண்டியதுதான்.

கோதுவதற்கும் விலை உண்டு. பெரிய எலிச்செவி வௌவால்களை வைத்துச் செய்த சோதனையில், சிற்றுண்ணிகள் அதிகமாக இருந்த வௌவால்கள் கோதுவதில் அதிக நேரம் செலவிட்டன, ஓய்வு குறைந்தது, ஆற்றல் செலவும் ஏறியது. பகலில் ஓய்வெடுத்து ஆற்றலை மிச்சப்படுத்தும் உயிருக்கு இது சிறிய இழப்பு இல்லை.

ஒட்டுண்ணிதான் காரணம் என்று எப்போது சொல்லலாம்?

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். இடமாற்றத்தையும் ஒட்டுண்ணியையும் சேர்த்துப் பார்த்த ஆய்வுகள் பல உண்டு. எல்லாமே ஒரே அளவுக்கு உறுதியானவை அல்ல.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் வெளிறிய வௌவால் என்ற இனத்தைப் பின்தொடர்ந்தபோது, உடம்பில் ஒட்டுண்ணி அதிகமாக இருந்தவை அடிக்கடி இடம் மாறுவது தெரிந்தது. ஆனால் இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். ஒட்டுண்ணித் தொல்லை தாங்காமல் இடம் மாறியிருக்கலாம். அல்லது, பல இடங்களுக்குப் போய்வந்ததால் ஒட்டுண்ணியைச் சேர்த்துக்கொண்டிருக்கலாம்.

செக் நாட்டில் சிறிய பிப்பிஸ்ட்ரெல் வௌவால்களின் உறைவிடங்களில் மூட்டைப்பூச்சிகளின் எண்ணிக்கையைப் பருவம் முழுக்கக் கண்காணித்தார்கள். பூச்சி பெருகுவதற்கும் வௌவால்கள் வெளியேறுவதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று அந்த ஆய்வு கருதியது. மூட்டைப்பூச்சி இரண்டாம் வகை, சுவரில் வாழ்வது. ஆகவே இங்கே இடம் மாறுவது நல்ல உத்திதான். ஆனால் பசியோடு மாதக்கணக்கில் உயிர்வாழக்கூடிய பூச்சி அது. சில நாள் விலகியிருந்துவிட்டுத் திரும்பினால் அது அங்கேயே இருக்கும். ஈயை ஏமாற்றும் காலக்கணக்கு மூட்டைப்பூச்சியிடம் செல்லாது.

இடமாற்றத்துக்கு வேறு காரணங்களும் வலுவானவை. அவற்றில் முதன்மையானது வெப்பம். அதே பெக்ஸ்டைன் வௌவால்களிடம் கறுப்பு, வெள்ளைப் பெட்டிகளை வைத்துச் சோதித்தபோது, குட்டி ஈனுவதற்கு முன் குளிர்ந்த பெட்டிகளையும், ஈன்றபின் சூடான பெட்டிகளையும் அவை விரும்பின. பால்குடிக் குட்டி விரைந்து வளரச் சூடு தேவை. எதிரிகளின் கண்ணில் படாமல் இருப்பது, இரை தேடும் இடத்துக்கு அருகில் இருப்பது, பழைய மரம் விழுந்துவிட்டால் கைவசம் வேறு இடம் இருப்பது எல்லாமே கணக்கில் வரும். இவற்றோடு ஒட்டுண்ணியும் ஒரு எடைக்கல். சில நாட்களில் தராசைச் சாய்ப்பது அதுவாக இருக்கும், சில நாட்களில் வெப்பமாக இருக்கும்.

அப்படியானால் தனியாக வாழ வேண்டியதுதானே?

நியாயமான கேள்வி. கூட்டம் பெரிதாக இருந்தால் ஈ ஒட்டும் புழுவும் அதிகம். உடல் உரசுவதும் அதிகம், அதனால் சிற்றுண்ணி பரவுவதும் எளிது. தனியாக இருக்கும் ஆண் வௌவாலுக்கு இந்தத் தொல்லை குறைவு.

ஆனால் தாய்க்குத் தனிமை கட்டுப்படியாகாது. பல உடல்கள் நெருங்கியிருந்தால் பொந்து சூடாகிறது. தாய் இரை தேடப் போயிருக்கும்போதும் குட்டிக்கு அந்தச் சூடு கிடைக்கிறது. ஆண்டுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி ஈனும் உயிருக்கு அந்த ஒன்றைக் காப்பாற்றுவதே முதல் வேலை. ஆகவே கூட்டமாக வாழ்ந்தே தீர வேண்டும், அதன் விலையாக ஒட்டுண்ணியையும் ஏற்க வேண்டும்.

ஒட்டுண்ணியும் இந்த நேரம் பார்த்துத்தான் வருகிறது. எலிச்செவி வௌவால்களில் கருவுற்ற பெண்களின் நோய் எதிர்ப்புத் திறன் தாழ்ந்திருந்தது, அவற்றின் மேல் சிற்றுண்ணிகள் மிகுதியாக இருந்தன. ஆணையும் பெண்ணையும் எதிரெதிரே வைத்தால் சிற்றுண்ணி பெண்ணை நோக்கியே நகர்ந்தது. பெண்ணிடமிருந்து குட்டிக்குப் போவது எளிது. குட்டியின் தோல் மெல்லியது, எதிர்ப்புத் திறன் முதிராதது, கோதிக்கொள்ளவும் தெரியாது. சிறகுச் சிற்றுண்ணியைப் பொறுத்தவரை வீடு மாறுவது பயன்படாது என்று முன்பே பார்த்தோம். கூட்டம் சில நாள் சிறு குழுக்களாகப் பிரிந்து தங்கினால், உரசும் உடல்களின் எண்ணிக்கையாவது குறையும்.

கண்ணுக்குப் புலப்படாத பகையிடம் தோற்கும் இடம்

ஒட்டுண்ணியைத் தவிர்க்கும் இந்தத் திறமை பல்லாயிரம் தலைமுறைகள் ஒன்றாக வாழ்ந்ததில் உருவானது. புதிதாக வந்த நோய்க்கிருமியிடம் அது செல்லுபடியாவதில்லை. வட அமெரிக்காவில் 2006ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலக் குகை ஒன்றில் முதலில் தென்பட்ட வெண்மூக்கு நோய் அதற்குச் சான்று. ஒருவகைப் பூஞ்சையால் வரும் இந்த நோய் குளிர்கால உறக்கத்தில் இருக்கும் வௌவால்களைத் தாக்கி, லட்சக்கணக்கில் கொன்றுவிட்டது. இந்தப் பூஞ்சை வௌவால் இல்லாதபோதும் குகையின் மண்ணிலும் சுவரிலும் உயிரோடிருக்கும். சுவரில் காத்திருப்பதில் வௌவால் ஈயைப் போன்றதுதான்.

குளிர்கால உறைவிடங்களில் சற்றுச் சூடான பகுதிகளில் பூஞ்சை நன்றாக வளர்கிறது, அங்கே தங்கும் வௌவால்கள் அதிகம் சாகின்றன. சிறிய பழுப்பு வௌவால்களைக் கவனித்தபோது, அவற்றில் பெரும்பகுதி தொடர்ந்து அந்தச் சூடான இடங்களையே தேடிப் போனது தெரியவந்தது. ஒருகாலத்தில் நன்மை தந்த விருப்பம் இப்போது உயிரைக் குடிக்கிறது. சூழலியலில் இதற்குச் சூழல்பொறி என்று பெயர். ஈயின் கணக்கைப் புரிந்துகொண்டு நடப்பதுபோல் இருந்த அதே வகை உயிர், இங்கே தன் கேட்டைத் தானே தேர்ந்தெடுக்கிறது.

இதனால் மாறுவது என்ன?

காட்டுப் பராமரிப்பில் இதன் விளைவு நேரடியானது. ஒரு கூட்டத்துக்கு ஐம்பது உறைவிடம் வரை தேவைப்படுகிறது என்றால், வௌவால் இருக்கும் ஒரு மரத்தை மட்டும் காப்பாற்றிவிட்டுச் சுற்றியுள்ள பொந்துமரங்களை வெட்டுவது அந்தக் கூட்டத்தைக் காப்பாற்றியதாகாது. வௌவாலை அதே மரத்துக்கு, ஈக்கள் தயாராக இருக்கும் நாட்களிலும், திரும்ப வைப்பதாகவே அது முடியும். உளுத்த மரம், பட்டை உரிந்து தொங்கும் மரம், மரங்கொத்தி துளைத்த மரம் எல்லாம் வெட்டப்படுவதற்குக் காத்திருக்கும் கழிவு என்று பார்க்கும் பழக்கம் மாறியாக வேண்டும்.

பெட்டி வைப்பவர்களுக்கு இரண்டு விஷயங்கள். பெட்டி காலியாக இருப்பது தோல்வியின் அடையாளம் இல்லை. சுழற்சியில் அதற்கும் ஒரு முறை வரும். ஒரே பெரிய பெட்டியைவிட, வெயிலும் நிழலுமாக வெவ்வேறு இடங்களில் மாட்டிய பல பெட்டிகள் வௌவாலுக்குத் தேர்வு செய்யும் வாய்ப்பைக் கொடுக்கின்றன. கண்காணிப்புக்கு வரும் நாளில் எத்தனை வௌவால் என்று மட்டும் எண்ணாமல், உள்சுவரில் ஒட்டியிருக்கும் கூட்டுப்புழுக்களையும் குறித்துவைத்தால், அடுத்த மாதம் அந்தப் பெட்டி ஏன் காலியாக இருக்கிறது என்பதற்கு விடை அங்கேயே கிடைக்கக்கூடும்.

கட்டடங்களில் நிலைமை வேறு. கூரையடியில் இருக்கும் கூட்டத்தை விரட்டி வாசலை அடைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பார்கள். இரண்டாம் வகை ஒட்டுண்ணிகளை நினைத்துப் பாருங்கள். வௌவால் போனாலும் மூட்டைப்பூச்சி இடுக்கிலேயே இருக்கிறது. உணவு நின்றதும் அது இரத்தம் தேடிக் கீழே அறைகளுக்குள் இறங்கி வரும், மனிதர்களையும் கடிக்கும். படுக்கை மூட்டைப்பூச்சி என்று எண்ணிக் கட்டிலுக்கும் மெத்தைக்கும் மருந்தடித்தால் பயன் கிடைக்காது, ஏனென்றால் பூச்சி வருவது கூரையடியிலிருந்து. இரண்டையும் வெறும் கண்ணால் பிரித்தறிய முடியாது. உருப்பெருக்கியின் கீழ் தலைக்கு அடுத்த பகுதியின் ஓர மயிர்களைப் பார்க்க வேண்டும்: அவை கண்ணின் அகலத்தைவிட நீளமாக இருந்தால் வௌவால் மூட்டைப்பூச்சி, குட்டையாக இருந்தால் படுக்கை மூட்டைப்பூச்சி. வாசலை அடைப்பதானால் குட்டிகள் பறக்கக் கற்று, கூட்டம் தானாக வெளியேறிய பிறகே அடைக்க வேண்டும். அதற்கு முன் அடைத்தால் பறக்கத் தெரியாத குட்டிகள் உள்ளேயே பட்டினியால் சாகும்.